மாப்பிள்ளை செய்த கம்ப்ரசர்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் மாப்பிள்ளை. முதலில் மச்சான் ஒருவர்தான் அப்படிக் கூப்பிட்டார். அவருக்கு அந்த உரிமை உண்டு, தங்கையைக் கொடுத்தவர். அப்புறம் மச்சானின் பட்டறையில் வண்டிகளுக்கு ஒடுக்கு எடுக்கிறவர் கூப்பிட்டார், எதிர்க்கடைக்காரர் கூப்பிட்டார், வண்டி விட வருகிறவர்கள் கூப்பிட்டார்கள். தலை நரைத்தவர்கள் முதல் மீசை முளைக்காதவர்கள் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. ஒருமுறை காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீட்டு எழுதுகிற பெண் பேர் என்ன என்று கேட்டாள். இவர் வாயைத் திறப்பதற்குள் துணைக்கு வந்த எதிர்க்கடைக்காரர், "மாப்பிள்ளைன்னு போட்டுக்கம்மா" என்றார். அவளும் போட்டுக்கொண்டாள். ஊருக்கே மாப்பிள்ளையாக இருப்பதில் ஒரே ஒரு கஷ்டம்தான். மாப்பிள்ளைக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் பஸ்களுக்குக் கூடு கட்டும் ஒரு பெரிய பட்டறையில் ஸ்பிரே பெயிண்டர். நீளமான பஸ்ஸின் ஒரு முனையில் ஸ்பிரே கன்னை அழுத்தினால் மறுமுனையில்தான் விடுவார். நடுவில் கை நிற்காது, பெயிண்ட் வழியாது. சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னலில் கையை நீட்டினால் சம்பளம். கல்யாணம் ஆன கையோடு அந்தப் பட்டறை மூடிக்கொண்டது. அதை அவருடைய ஜாதக விசேஷம் என்று அங்கே வெல்டராக இருந்த நண்பன் இன்றைக்கும் கேலி செய்வான். அந்த நேரத்தில் மச்சானின் வண்டிப் பட்டறையில் பெயிண்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். வெளியில் எதற்கு அலைய வேண்டும், நம்ம இடம் இருக்கிறதே என்று மச்சான் கூப்பிட்டார். பட்டறைக்கு மேலே சும்மா கிடந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, புதுக் கட்டில் போட்டுக் கொடுத்தார். குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

முதல் சனிக்கிழமை வந்தது. வேலை செய்தவர்கள் மேசை முன்னால் வரிசையாக நின்றார்கள். இவரும் கையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றார். மச்சான் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. எழுந்து வந்து இவர் கையைப் பிடித்து வரிசையிலிருந்து தனியாக இழுத்தார்.

"நீங்க எதுக்கு மாப்பிள்ள இங்க நிக்கிறீங்க? உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க. என்னை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தாதீங்க."

பன்னிரண்டு வருஷமாக அவர் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். செருப்பு அறுந்தால் கேட்பார், முடி வெட்டக் கேட்பார், மகளுக்குக் காய்ச்சல் என்றால் கேட்பார். மச்சான் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. கேட்டதற்கு மேலேயே கொடுப்பார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. மச்சானுக்குப் பிள்ளை இல்லை. இவர் மகள்தான் அந்த வீட்டுக்கே ஒரே குழந்தை. அவளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டுவது, சைக்கிள் வாங்கிக் கொடுப்பது எல்லாம் அவளுடைய மாமாதான். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். நல்லவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவருக்கு உடம்பு கூசும். ஒடுக்கு எடுக்கிறவர் சனிக்கிழமை சம்பளத்தை எண்ணி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அந்த மனுஷனுக்குக் குடியிருக்கும் வீட்டில் பாதிக் கூரை இல்லை. இருந்தாலும் பொறாமைதான்.

மேலே இருந்த அறைக்குப் பட்டறை வழியாகத்தான் படி. கடைக்குப் போவதானாலும் குழந்தையை அழைத்து வரப் போவதானாலும் மச்சான் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கே என்று அவர் பாசமாகத்தான் கேட்பார், ஆனால் கேட்பார். கட்டிலுக்கு நேர் கீழே, பட்டறையில், கன்னுக்குக் காற்று அடைத்துக் கொடுக்கும் பழைய கம்ப்ரசர். அது காற்றுப் பிடிக்க ஆரம்பித்தால் அறையின் தரை நடுங்கும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். மனைவி அவற்றின் நடுவே துணியைச் சொருகி வைத்திருந்தாள். சமையல் கீழே மச்சான் வீட்டில், அண்ணியின் கையில். நல்ல சமையல்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று தான் யோசித்ததில்லை என்று மனைவி ஒருமுறை சொன்னாள். தனக்கு மட்டும்தான் மூச்சு முட்டுகிறது என்று அவர் அதுவரை நினைத்திருந்தார்.

வழி ஒன்று திறந்தது மரக்கடைக்காரரால். நாலு தெரு தள்ளிக் கதவு, ஜன்னல், அலமாரி செய்து விற்கிறவர். பாலிஷ் போடுகிற ஆளால் அலுத்துப்போயிருந்தார். வேன் ஒன்றுக்கு ஒடுக்கு எடுக்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் வேலையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மச்சான் உள்ளே போன நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தார். கடைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட கொட்டகை ஒன்று காலியாகிறது. அதற்குப் பின்னால் ஓர் அறை, ஒரு அடுப்படி. வாடகை வேண்டாம், வாரம் முழுக்க வேலை கொடுப்பேன், செய்த வேலைக்குக் கையில் காசு. ஒரே ஒரு நிபந்தனை.

"எடம் என்னோடது, வேலையும் நானே குடுத்துருவேன். காத்து மட்டும் நீங்க கொண்டு வரணும்."

காத்து என்றால் கம்ப்ரசர். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் கொண்டுவராவிட்டால் கொட்டகையை வேறு ஒருவருக்கு விட்டுவிடுவதாகவும் சொன்னார். மிரட்டலாக இல்லை, வியாபாரமாகச் சொன்னார். மாப்பிள்ளைக்கு அது பிடித்திருந்தது. பாசம் கலக்காத பேச்சைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

கம்ப்ரசர் வாங்கப் பணம்? மச்சானிடம் கேட்கலாம், உடனே எடுத்துக் கொடுப்பார். அவரை விட்டுப் போவதற்கு அவரிடமே கேட்பதா? ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பினார். வீட்டு கேட், இரும்புக் கட்டில், தண்ணீர்த் தொட்டி என்று கிடைத்ததற்கெல்லாம் பெயிண்ட் அடித்தார். ஒரு பஸ்ஸை ஒரே மூச்சில் அடித்தவர் பிரஷ்ஷால் கேட்டைக் கம்பி கம்பியாகத் தடவிக்கொண்டிருந்தது பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்தக் காசைக் கேட்காமல் வாங்கினார். வாங்கியதை மனைவியிடம் கொடுத்தார். பணம் சேர்ந்தது, ஆனால் புதுக் கம்ப்ரசருக்குப் பாதிகூட ஆகவில்லை.

பழையது பார்க்கப் போனார். பழைய கம்ப்ரசர் விற்பவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருந்தது. டேங்க்குக்குப் புதிதாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்துக்கொண்டு, நேற்றுத்தான் வந்தது, ஒரு டாக்டர் வீட்டில் சும்மா கிடந்தது என்றார்கள். பெயிண்டரிடமே பூசி மெழுகினால் எப்படி? அந்தப் பெயிண்டுக்கு அடியில் எங்கே துரு, எங்கே பட்டி பூசி மறைத்த பள்ளம், எங்கே ஓட்டையை அடைத்த மேடு என்று அவர் விரலால் தடவியே சொல்வார். டேங்க்கின் வயிற்றுக்கு அடியில் தண்ணீர் வடிக்கிற திருகு ஒன்று இருக்கும். அதைத் திறந்து காட்டச் சொல்வார். செம்மண் கரைத்த மாதிரித் தண்ணீர் வரும். தண்ணீரை வடிக்காமலே ஓட்டி, உள்ளே இருந்து துரு தின்ற டேங்க். காற்று அடைத்தால் ஒரு நாள் கிழியும். அவர் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். வீடு திரும்பும்போதெல்லாம் மச்சான் மேசையிலிருந்து எங்கே போய்ட்டு வரீங்க என்று கேட்பார். சும்மா காலாற என்று இவர் சொல்வார். காலாற நடக்கிறவர் முகத்தில் அவ்வளவு களைப்பு எதற்கு என்று மச்சான் யோசிக்கவில்லை.

கடைசியில் வெல்டர் நண்பன்தான், வாங்காதே, செய்வோம் என்றான். அவன் ஒருவன்தான் அவரை இன்னும் பழைய பெயரில் கூப்பிடுகிறவன், அதுவும் டேய் சேர்த்து. அதைக் கேட்பதற்காகவே மாப்பிள்ளை அவன் பட்டறைக்குப் போவார். பழைய இரும்புக் கடையில் காலி காஸ் சிலிண்டர் ஒன்று அடிமாட்டு விலைக்கு இருந்தது. அதை டேங்க்காக வைத்துக்கொள்ளலாமா என்று இவர் கேட்டதற்கு வெல்டர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"குண்டு மேல உக்காந்து பெயிண்ட் அடிக்கப் போறியா? உன் பொண்டாட்டிகிட்ட என்னடா பதில் சொல்றது நான்?"

ஆகவே லாரியில் பிரேக்குக்காகக் காற்று அடைத்து வைக்கும் டேங்க்குகள் இரண்டு வாங்கினார்கள். காற்றுக்கென்றே பிறந்த டேங்க்குகள், உள்ளே துரு இல்லை. ஒன்று போதாது, இரண்டையும் குழாய் போட்டு இணைத்தார்கள். காற்றை இழுத்து அமுக்கும் ஹெட் பஞ்சர் கடையில் கிடைத்தது. அங்கே கம்ப்ரசரின் டேங்க் ஓட்டையாகி, ஹெட் மட்டும் கல்லுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. மோட்டாரைப் பிடித்தது மனைவி. மாவு மில்லில் இயந்திரத்தை மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாவு அரைக்கிற சாக்கில் நாலு நாள் போய்ப் பேரம் பேசினாள். மில்காரர் முதலில் சிரித்தார், பெண்பிள்ளைக்கு மோட்டார் எதற்கு என்றார். ஆட்டுக்கல்லைச் சுற்றத்தான் என்றாள். கடைசி நாள் அவர் சொன்ன விலையில் பாதியை மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். தூக்க ஆள் வேண்டும் என்பதற்காக வெல்டரையும் கையோடு அழைத்துப் போயிருந்தாள். மில்காரருக்கு வேறு வழி இருக்கவில்லை.

டேங்க்கின் உடம்பில் நேரடியாக வெல்டிங் வைக்க வெல்டர் மறுத்துவிட்டான். சூடு பட்டால் இரும்பு இளகும், இளகின இடத்தில் காற்று வேலை காட்டும். நாலு கால் வைத்துத் தனியாக ஒரு சட்டம் கட்டி, டேங்க்குகளை அதில் உட்கார வைத்து, இரும்புப் பட்டையால் இறுக்கினான். மேலே ஹெட்டும் மோட்டாரும். நடுவில் பெல்ட், பெல்ட்டுக்கு வலைக்கூடு. பணத்தை எதில் மிச்சம் பிடித்தாலும் சேஃப்டி வால்வை மட்டும் புதிதாக வாங்க வேண்டும் என்று இருவரும் ஒரே மனதாக இருந்தார்கள். காற்று அளவு மீறினால் அதுதான் திறந்து உயிரைக் காப்பாற்றும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் டேங்க்குகளில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார்கள். காற்றடைத்த டேங்க் கிழிந்தால் ஆளைக் கொல்லும், தண்ணீர் அடைத்தது கிழிந்தால் வேட்டி நனையும், அவ்வளவுதான் என்றான் வெல்டர். ஓட்ட வேண்டிய அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்றி விட்டுவிட்டு, மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முள் மெதுவாக இறங்கியது. இணைப்புக் குழாயின் திருகு மரையில் ஒரு சொட்டு. கழற்றி, மாற்றி, மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை முள் அசையவில்லை.

தண்ணீரை வடித்து, காய வைத்து, மறுநாள் சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் கொஞ்சம் முனகிவிட்டு ஓடியது. முள் ஏறியது. அது நிற்க வேண்டிய இடம் வந்ததும் மோட்டார் தானாக நின்றது. மாப்பிள்ளை குழாயைத் திறந்து, வந்த காற்றைத் தன் உள்ளங்கையில் பிடித்தார், அப்புறம் முகத்தில் பிடித்தார். சுத்தமான, ஈரமில்லாத காற்று. அவர் சிரித்தார். அழுகை வந்தது, அதையும் சிரிப்போடு சேர்த்துவிட்டார். மகள் பிறந்த அன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை என்று மனைவி பிற்பாடு சொன்னாள்.

அதை வெல்டர் பட்டறையிலேயே விட்டு வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆனால் வெல்டருக்குப் பெரிய கேட் வேலை ஒன்று வந்தது, இடம் வேண்டும். மரக்கடைக்காரரின் கொட்டகை காலியாக இன்னும் இரண்டு நாள் இருந்தது. இரண்டு நாள்தானே என்று தள்ளுவண்டியில் ஏற்றி, மச்சான் வெளியே போயிருந்த நேரத்தில் கொண்டுவந்து, பட்டறைப் படிக்கு அடியில் வைத்துத் தார்ப்பாயால் மூடினார். மச்சானிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்லிவிட்டுத்தான் போவது என்று முடிவு. எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல். மனைவி தினம் கேட்டாள், தினம் அவர் நாளைக்கு என்றார். பெயிண்ட் கலக்கும்போது, சாப்பிடும்போது, குளிக்கும்போது மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். ஒத்திகையில் மச்சான் ஒவ்வொரு முறையும் பெருந்தன்மையாக, சரி போய்ட்டு வாங்க என்றார். அதனால்தான் நேரில் சொல்லப் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஏணி தேடிப் படிக்கு அடியில் போன மச்சான் தார்ப்பாயைத் தூக்கிவிட்டார். வேலை நின்றது. ஒடுக்கு எடுக்கிறவர் சுத்தியலோடு எழுந்து வந்தார்.

"இது யாரோடது மாப்பிள்ள?"

என்னோடது என்று சொல்ல வேண்டும், ஒரே சொல். ஆனால் அந்த வீட்டில் யாரும் 'என்' என்று எதையும் சொல்லி அவர் கேட்டதில்லை. நம்ம பட்டறை, நம்ம கட்டில், நம்ம குழந்தை. ஒடுக்கு எடுக்க வந்து நிற்கிற ஊரான் வண்டிகூட நம்ம வண்டிதான். அந்தக் கூரைக்குக் கீழே ஒருவன் 'என்' என்று ஆரம்பித்தால் அடுத்த சொல் தலைவலியாகத்தான் இருக்க முடியும். என்னோடது என்று சொன்னால், இதுவரை தின்றது யாருடையது என்று காற்றே கேட்கும் போலிருந்தது. நாக்கு தானாகவே மரியாதையான பக்கம் சாய்ந்தது.

"நம்மளோடதுதான் மச்சான்" என்றார்.

மச்சான் அந்த இரும்புச் சட்டத்தைச் சுற்றி வந்தார். டேங்க்கைத் தட்டினார், பட்டையை அசைத்துப் பார்த்தார். பழைய கம்ப்ரசர் தண்ணீர் துப்பிப் பெயிண்ட்டில் கொப்புளம் போடுகிறது என்று மாப்பிள்ளை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், மாற்றலாம் மாற்றலாம் என்று மச்சானும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். இப்போது அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலாறப் போனது, முகம் களைத்து வந்தது எல்லாம். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. வந்து மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கேட்டிருந்தால் வாங்கித் தந்திருப்பேனே, எதற்கு இப்படி உடம்பை வருத்திக்கொண்டீர்கள் என்று திட்டினார். எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டு நம்ம மாப்பிள்ளை செய்த கம்ப்ரசரைக் காட்டினார். தெருவே வந்து பார்த்தது. யாரோ டீ வாங்கிவரப் போனார். மாலைக்குள் பழைய கம்ப்ரசர் இரும்புக் கடைக்குப் போயிற்று. புதியதைக் கட்டிலுக்கு நேர் கீழே உட்கார வைத்துப் பட்டறைக் குழாயோடு இணைத்தார்கள். இணைத்தது மாப்பிள்ளைதான். வேறு யார் செய்தாலும் மரையைக் கெடுத்துவிடுவார்கள்.

மேலே மனைவி பாத்திரங்களை ஒரு பழைய போர்வையில் கட்டி வைத்திருந்தாள். நடந்ததைப் படியில் நின்று பார்த்துவிட்டுத்தான் போயிருந்தாள். இவர் உள்ளே வந்து, நான் என்னம்மா செய்யட்டும், திடீர்னு கேட்டாரு, மூஞ்சில அடிச்ச மாதிரி என்னோடதுன்னு எப்படிச் சொல்றது என்றார்.

"என்னோடதுன்னு யாரு சொல்லச் சொன்னா? எங்களோடதுன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அவள். "அதுல நான் இருந்திருப்பேன், நீங்க இருந்திருப்பீங்க. அண்ணன் இருந்திருக்க மாட்டாரு. நம்மன்னு சொன்னீங்க பாருங்க, அதுல கதவைத் தொறந்து விட்டுட்டீங்க."

அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு. எங்களோடது. மரியாதையும் கெடாது, ஆளும் வெளியே நிற்பார். அந்தச் சொல் அவருக்குத் தோன்றவே இல்லை. இந்த வீட்டில் அவர் 'எங்க' என்று யாரோடு சேர்ந்து சொல்லியிருக்கிறார்? மனைவி பாத்திர மூட்டையை அவிழ்க்கவில்லை. நாளைக்குக் காலையில் போய்ச் சொல்லுங்கள், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள், மோட்டார் நான் பிடித்தது என்றும் சொல்லுங்கள் என்றாள். அவள் குரல் உயரவில்லை. மறுநாள்தான் மரக்கடைக்காரர் சொன்ன கடைசித் தேதி.

காலையில் இறங்கிப் போனார். எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூட வேன் ஒன்று பாதி மஞ்சள் பூசி நின்றது, மீதிப் பாதி வெறும் பட்டி. மச்சான் மேசையில் இல்லை, கம்ப்ரசரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வலைக்கூட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்றிருந்தது. மாப்பிள்ளை திரும்பவில்லை. அதை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

நேற்று வாய் தவறிச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். மரக்கடைக்காரரைப் பற்றிச் சொன்னார், கொட்டகையைப் பற்றிச் சொன்னார், இன்றைக்குத்தான் கடைசி நாள் என்பதைச் சொன்னார். தங்கைக்குத் தனியாக ஓர் அடுப்படி வேண்டும் என்று ஆசை என்பதைக்கூடச் சொன்னார். கடைசியாக, "இது எங்களோடது மச்சான்" என்றார். சொல்லிவிட்டார். சத்தமாகவே சொன்னார்.

மச்சான் துணியைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்களோடதா" என்றார். "அப்ப நான் யாரு மாப்பிள்ள?"

மச்சான் எழுந்து நின்றார். டேங்க்கைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கடையே உங்களுடையதுதானே, எனக்கு யார் இருக்கிறார்கள், எல்லாம் அந்தக் குழந்தைக்குத்தானே என்றார். ஒரு கம்ப்ரசருக்குப் போய் எங்களோடது என்கிறீர்களே, இந்தச் சுவர் யாருடையது, மேசை யாருடையது, எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாமே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நடிப்பு இல்லை. அத்தனையும் உண்மை என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். உண்மை என்பதுதான் அவரைக் கட்டிப்போட்டது.

"நான் உங்களுக்கு ஏதாச்சும் குறை வச்சேனா? வச்சிருந்தா சொல்லுங்க. இத்தனை பேர் இருக்காங்க, அவங்க முன்னாடியே சொல்லுங்க."

குறை இருந்தது. அதற்கு ஒரு பெயரும் இருந்தது, சம்பளம். நாக்கு நுனியில் இருந்தது. ஒடுக்கு எடுக்கிறவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லப்போகும் சொல் அவருக்கும் தெரிந்திருந்தது போல. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் பன்னிரண்டு வருஷம் இந்த மனிதர் வாரி இறைத்த பாசத்துக்கெல்லாம் கூலி கேட்டதாக ஆகிவிடும். கேட்டதற்கு மேலே கொடுத்த கையைப் பார்த்து, குறைவாகக் கொடுத்தாய் என்பதா? அப்படிச் சொல்லக்கூடிய ஆளாக இருந்திருந்தால் முதல் சனிக்கிழமையே வரிசையை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். படியின் மேல்முனையில் மனைவி நிற்பதை அவர் பார்த்தார். கையில் பாத்திர மூட்டை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதை அவள் சொல்ல முடியாது, அவர்தான் சொல்ல வேண்டும்.

"ஒரு குறையும் இல்ல மச்சான்" என்றார்.

மச்சானுக்கு உயிர் வந்தது. அவ்வளவுதானே, அதுக்குப் போய் என்று இவர் தோளைத் தட்டினார். அடுப்படி என்ன, மேலேயே ஒரு தடுப்புப் போட்டு அடுத்த மாதமே கட்டிவிடலாம், தங்கை என்ன கேட்டு நான் இல்லை என்றேன் என்றார். மரக்கடைக்காரரிடம் தானே போய்ப் பேசிவிடுவதாகவும், நீங்கள் அந்தப் பக்கம் போய்ச் சங்கடப்பட வேண்டாம் என்றும் சொன்னார். அப்புறம் சுவிட்சைப் போட்டார். மோட்டார் முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. பாதி வேன் நிற்கிறது பாருங்கள் என்று கன்னை எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

மாப்பிள்ளை கன்னில் மஞ்சளை ஊற்றினார், மூடியைத் திருகினார், வேனின் பின்முனைக்குப் போய் நின்றார். முள் ஏறி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, மோட்டாரும் நின்றது. பட்டறை அமைதியானது. மேலே மனைவி மூட்டையை அவிழ்த்துப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அலமாரியில் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அவர் கன்னை அழுத்தினார். காற்று இறங்கினால் மோட்டார் மறுபடி ஓடும், ஓடினால் மேலே நடப்பது எதுவும் கேட்காது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நடந்தார்.